ஒன்பதாம் வகுப்புக்கு முன்னால் ஒரு மே மாதம்

என் அக்கா மகள் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். ஒன்பதுக்கு மன்னார்குடிக்குத்தான் வர வேண்டும். தினமும் பஸ்ஸில் வந்துபோவது சிரமம், எங்கள் வீட்டிலேயே தங்கிப் படிக்கட்டும் என்று முடிவானது. மே மாதம் பிறந்ததுமே துணிப்பை ஒன்று, ஆறு ஏழு எட்டு வகுப்புகளின் அறிவியல் புத்தகங்கள் அடங்கிய மஞ்சள்பை ஒன்று என்று வந்து இறங்கினாள். "சித்தி, பெரிய ஸ்கூல்ல எல்லாரும் நல்லா படிச்சுட்டு வந்திருப்பாங்க. எனக்கு பயாலஜி மட்டும் முதல்லேருந்து சொல்லிக் குடுங்க" என்றாள்.

நான் விலங்கியல் பட்டம் முடித்து, பிறகு டி.எம்.எல்.டி. என்ற மருத்துவ ஆய்வகப் பட்டயப் படிப்பும் படித்தவள். 14 வருடமாக இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஒரு பிள்ளைக்கு உயிரியல் சொல்லித்தருவது பெரிய விஷயமாக எனக்குத் தோன்றவில்லை. அட்டவணை போட்டேன். காலையில் ஒரு பாடம், மாலையில் ஒரு பாடம், இரவில் கேள்வி பதில். ஒரு வாரம் அப்படியே போனது. அவளும் சலிக்காமல் படித்தாள், கேட்டால் ஒப்பித்தாள். செல் என்றால் என்ன? "உயிரினங்களின் அமைப்பு மற்றும் செயல்பாட்டின் அடிப்படை அலகு." ஒளிச்சேர்க்கை? அதற்கும் பிசகாமல் பதில். கருதுகோள்? சோதனை? முடிவு? எல்லாம் வரிசையாக வந்தன.

எட்டாம் நாள் அம்மா பச்சைப்பயறு ஊறப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கையில் நாலு பயறை எடுத்து, "இதுக்கு உயிர் இருக்கா பாப்பா?" என்று கேட்டேன். யோசித்தாள். "இல்ல சித்தி. தண்ணி ஊத்தினாத்தான் உயிர் வரும்." சரி, உன் நகத்தில் செல் இருக்கிறதா? தெரியவில்லை. செடி பகலில் மூச்சு விடுமா? "பகல்ல ஒளிச்சேர்க்கை, ராத்திரிதான் சுவாசம்."

அவள் மேல் தவறே இல்லை. எட்டு வருடம் அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை, அந்த ஒரு வாரம் நானும் கேட்கவில்லை. அன்றைக்கு அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். மீதி இருந்த மூன்று வாரத்தில் செய்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை வீட்டில் இருக்கிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் லேபில் காலையில் மெஷினைப் போட்டதும் நோயாளியின் சாம்பிளைத் தொட மாட்டோம். கன்ட்ரோல் என்று ஒரு திரவம் வரும். அதில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது முன்பே தெரிந்த கணக்கு. முதலில் அதை ஓட்டிப் பார்ப்போம். தெரிந்த கணக்குக்கு மெஷின் சரியான விடை சொன்னால்தான் தெரியாத சாம்பிளுக்கு அது சொல்வதை நம்பலாம். கன்ட்ரோல் சரியாக வராத நாளில் வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் ரிப்போர்ட் கிடையாது. இதை அவளிடம் சொன்னபோது அவள் கேட்டாள்: "அப்போ எல்லாத்துக்கும் இன்னொன்னு பக்கத்துல வேணுமா சித்தி?" ஆமாம். அந்த மே மாதம் முழுக்க எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட கேள்வி இதுதான்: எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறாய்?

முதல் சோதனையை அவளையே யோசிக்கச் சொன்னேன். விதை முளைக்க வெளிச்சம் வேண்டுமா, வேண்டாமா? இரண்டு கிண்ணத்தில் பயறு எடுத்துக்கொண்டாள். ஒன்றை ஈரத்துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தாள். இன்னொன்றைத் தண்ணீர் தெளித்து மொட்டை மாடியில் வெயிலில் வைத்தாள். இரண்டாம் நாள் அலமாரிப் பயறு முளைவிட்டிருந்தது. மாடிப் பயறு காய்ந்து சுருங்கிக் கிடந்தது. நோட்டில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: விதை முளைக்க இருட்டு தேவை.

நான் தவறு என்று சொல்லவில்லை. இரண்டு கிண்ணத்துக்கும் என்னென்ன வித்தியாசம் இருந்தது, எழுது என்றேன். வெளிச்சம். அப்புறம்? துணி. அப்புறம்? சூடு. தண்ணீர். எழுத எழுத அவள் முகம் மாறியது. "எதனாலன்னு சொல்ல முடியாதே சித்தி!" புத்தகத்தில் மாற்றிப் பார்ப்பது (மாறி), மாறாமல் வைத்துக்கொள்ள வேண்டியவை என்று போட்டிருப்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குப் புரிந்துவிட்டது. பெரியவர்கள் நாம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். சோதனையைத் தொடக்கத்திலேயே திருத்திக் கொடுத்தால் அது நம்முடைய சோதனை ஆகிவிடும். கெட்டுப்போன ஒரு கிண்ணம் பயறின் விலை பெரிதில்லை.

மறுபடி செய்தாள். இரண்டு தட்டிலும் எண்ணி 20 பயறு. ஒரே துணி, ஆளுக்கு 4 தேக்கரண்டித் தண்ணீர், இரண்டும் ஒரே ஜன்னலோரம். ஒரு தட்டின் மேல் மட்டும் செருப்பு வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தாள். மூன்றாம் நாள் எண்ணினால் இருட்டில் 19, வெளிச்சத்தில் 18. "ஒண்ணு கூட இருக்கே, அப்போ இருட்டுதான் நல்லதா?" இதுவும் முக்கியமான கேள்வி. இன்னொரு முறை செய்து பார் என்றேன். அந்த முறை இருட்டில் 18, வெளிச்சத்தில் 19. ஒரே ஒரு பயறு வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதை நான் சொல்லாமல் எண்ணிக்கையே அவளுக்குச் சொன்னது.

அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போடாமல் இன்னும் சில நாள் வைத்திருந்ததுதான் நல்லதாகப் போனது. இருட்டுத் தட்டில் முளைகள் நெட்டையாக, வெளிறி, மஞ்சளாக நீண்டிருந்தன. வெளிச்சத் தட்டில் குட்டையாக, பச்சையாக. முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை, பச்சையம் உண்டாவதற்கு வேண்டும். அப்படியானால் இருட்டில் இவ்வளவு நீளம் வளர உணவு எங்கிருந்து வந்தது? பயறைப் பிளந்து வித்திலையைக் காட்டினேன். தாய்ச்செடி கட்டிக்கொடுத்த சோறு அது. அது தீரும் வரைதான் இந்த ஓட்டம். முளைத்தலும் ஒளிச்சேர்க்கையும் அவள் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன, அன்று பிரிந்தன.

செடியின் எடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "மண்ணுலேருந்து." இதற்கு வான் ஹெல்மான்ட் கதையைச் சொன்னேன். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியம் பகுதியில் இருந்தவர். 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டுக்கு வந்துவிட்டது. மண்ணில் குறைந்தது வெறும் 2 அவுன்ஸ், அதாவது 60 கிராமுக்கும் குறைவு. மண்தான் மரமாகிறது என்ற எண்ணம் அங்கேயே விழுந்தது. ஆனால் அவர் எடுத்த முடிவு, மரம் முழுக்கத் தண்ணீரிலிருந்து வந்தது என்பது. காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 5 வருடம் பொறுமையாக அளந்த மனிதருக்கே ஒரு பொருள் கண்ணில் படவில்லை என்றபோது பாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்: "அப்போ நாம எதை விட்டோம்னு எப்படித் தெரியும்?" எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையிடமிருந்து வந்த கேள்வி இது. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, அதையும் அவளிடம் சொன்னேன்.

அடுத்து சுவாசம். செடி பகலில் மூச்சு விடாது என்ற எண்ணம் பல பிள்ளைகளுக்கு உண்டு. பட்டம் படித்த பெரியவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை வாயால் திருத்த முடியாது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து ஒரு இரவு வைத்தால் மேலே தெளிந்த நீர் நிற்கும். கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது பால்போல வெளுக்கும். (சுண்ணாம்பைக் கரைப்பதும் தெளிவை வடிப்பதும் பெரியவர்கள் வேலை. கண்ணில் பட்டால் ஆபத்து.) மூன்று ஊறுகாய் பாட்டில் எடுத்தோம். ஒன்றில் முளைவிட்ட பயறு, இரண்டாவதில் முளைவிட்டதை வேகவைத்து ஆறவைத்தது, மூன்றாவதில் அதே அளவு கூழாங்கல். கல் பாட்டில் எதற்கு என்று நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள்: "பாட்டில்ல இருக்கிற காத்துனாலயே வெளுத்துட்டா?" ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மூடியில் சுண்ணாம்பு நீர் வைத்து இறுக்கி மூடினோம்.

காலையில் வைத்தோம், மாலைக்குள் முளைப்பயறு பாட்டிலில் சுண்ணாம்பு நீர் வெளுத்துவிட்டது. மற்ற இரண்டும் தெளிவாகவே இருந்தன. பட்டப்பகலில் மூச்சு விட்டிருக்கிறது. பயறுக்கு உயிர் உண்டா என்ற பழைய கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்தது. காய்ந்த பயறும் மெதுவாக, மிகக் குறைவாகச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் பட்டு உயிர் வரவில்லை, உறங்கிய உயிர் விழித்தது.

பாட்டில்களைக் கழுவ மறந்துபோனோம். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் வேகவைத்த பயறு பாட்டிலிலும் சுண்ணாம்பு நீர் வெள்ளை! பாப்பாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "தப்பாயிடுச்சு சித்தி. செத்த பயறு எப்படி மூச்சு விடும்?" மூடியைத் திறந்தோம். குப்பென்று நாற்றம். எதனால் நாறும் என்று கேட்டேன். கெட்டுப்போனதால். எது கெடுத்தது? அப்போது அவள் கண் விரிந்ததை நான் மறக்க மாட்டேன். பயறு செத்திருக்கிறது, ஆனால் பாட்டிலுக்குள் வேறு உயிர் வந்து மூச்சு விட்டிருக்கிறது. நுண்ணுயிரிகள் பாடத்தை அவள் மார்க்குக்காகப் படித்திருந்தாள். இப்போது அந்த நுண்ணுயிர் தன் இருப்பைத் தானே காட்டிவிட்டது.

அன்று மாலை ரெடி என்ற இத்தாலிய மருத்துவரைப் பற்றிப் பேசினோம். 1668இல் இறைச்சியிலிருந்து புழு தானாக உண்டாகும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், திறந்த ஜாடியையும் மூடிய ஜாடியையும் வைத்து ஒப்பிட்டவர் அவர். மூடியதில் புழு வரவில்லை. காற்று போகாததால்தான் வரவில்லை என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று மூன்றாவதாக ஒரு ஜாடியை மெல்லிய வலைத்துணியால் மூடினார். காற்று போகும், ஈ போகாது. அந்த வலைத்துணியை நினைத்து நினைத்து ரசித்தாள். எங்கள் கூழாங்கல்லும் அந்த வலைத்துணியும் ஒரே சாதி என்றாள்.

சோதனை எதிர்பார்த்தபடி வரவில்லை என்றால் பிள்ளைகள் உடனே அழித்துவிட்டுப் புத்தகத்தில் இருப்பதை எழுதிவிடுகிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் வீட்டில் அனுமதிக்காதீர்கள். எங்கள் நோட்டில் ஒரு விதி வைத்தோம்: பென்சில் கிடையாது, அழிரப்பர் கிடையாது. தவறாக எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். லேப் ரிஜிஸ்டரிலும் எங்களுக்கு இதே விதிதான். நோட்டின் இடதுபக்கம் பார்த்ததை மட்டும் எழுதினாள், வலதுபக்கம் நினைத்ததை. "முளைகள் சந்தோஷமாக வளர்ந்தன" என்று முதல் நாள் இடதுபக்கம் எழுதியிருந்தாள். பத்தாம் நாள் அதே பக்கத்தில் "முளை 7, 7, 8, 6 செ.மீ." என்று இருந்தது.

இந்த விதியின் அருமை மைக்ராஸ்கோப் நாளில் தெரிந்தது. லேப் உரிமையாளரிடம் கேட்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளை அழைத்துப்போனேன். வெங்காயத்தின் உள்தோலை உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, கவர் சிலிப் போட்டுக் கொடுத்தேன். பார்த்து வரைந்தாள். படம் அழகாக இருந்தது. செல் சுவர், உட்கரு, ஒளிச்சேர்க்கை நடக்கும் பச்சை மணிகளான பசுங்கணிகங்கள் நிறைய. "பசுங்கணிகம் எங்கே இருக்கு, காட்டு" என்றேன். தேடினாள். இல்லை. வெங்காயம் மண்ணுக்குள் இருக்கும் பாகம், அதன் உள்தோலில் பசுங்கணிகம் கிடையாது. தாவரசெல் என்றதும் கை தானாகப் புத்தகப் படத்தை வரைந்துவிட்டது. கண் பார்த்ததைக் கை வரையவில்லை.

அப்படியானால் எங்கே பார்க்கலாம்? மே மாதம் எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் ஏது? மீன்தொட்டிக் கடையில் 20 ரூபாய்க்கு ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி ஒரு கொத்து வாங்கினோம். அடுத்த ஞாயிறு அதன் ஒரு சின்ன இலையைத் தண்ணீர்ச் சொட்டில் வைத்துப் பார்த்தபோது பச்சை மணிகள் செல்லுக்குள் நிறைந்து கிடந்தன. சில செல்களில் அவை மெதுவாக நகர்ந்தன. பத்து நிமிடம் கண்ணை எடுக்கவில்லை. செல் ஒரு செங்கல் இல்லை, உள்ளே ஓட்டம் இருக்கிறது என்று நானும் ஒருகாலத்தில் இப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

லேபில் சாயமேற்றிப் பழையதாகிப்போன இரத்த ஸ்லைடு ஒன்றையும் காட்டினேன். (பிள்ளையின் விரலைக் குத்தி இரத்தம் எடுத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். மற்றவர் இரத்தத்தைத் தொடுவதும் கூடாது.) சிவப்பணுக்கள் வட்ட வட்டமாக, ஒவ்வொன்றும் 7 மைக்ரோமீட்டர் அளவு. அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 140 அணுக்களை வரிசையாக நிறுத்தலாம். "உட்கருவே இல்லையே!" என்றாள். மனிதச் சிவப்பணு முதிரும்போது உட்கருவை இழந்துவிடுகிறது. ஹீமோகுளோபினுக்கு இடம் விட்டு, சுமார் 120 நாள் ஆக்சிஜனைச் சுமந்து, தேய்ந்து போகிறது. எல்லா செல்லிலும் உட்கரு உண்டு என்று நோட்டில் இருந்த வரியை அவளே அடித்துவிட்டாள். நகத்தைப் பற்றிய கேள்விக்கும் அன்றுதான் பதில் சொன்னேன். நகம் என்பது செல்கள் கெரட்டின் என்ற புரதத்தால் நிறைந்து, இறந்து, தட்டையாகிப்போன அடுக்கு. 1665இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்ததும் இறந்த செல்களின் வெற்றுச் சுவர்களைத்தான். செல் என்று பெயர் வைத்தவர் பார்த்தது காலி வீட்டை.

வீட்டில் மைக்ராஸ்கோப் இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். நல்ல கைலென்ஸ் போதும் நிறைய பார்க்க. போன் கேமரா லென்ஸின் மேல் ஒரு சின்னத் துளி தண்ணீர் வைத்துக்கூட எறும்பின் காலைப் பெரிதாகப் பார்க்கலாம், போனுக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானி ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித மைக்ராஸ்கோப்பும் கிடைக்கிறது. சுமார் 140 மடங்கு பெரிதாகக் காட்டும், வெங்காயச் செல்லுக்கு அது தாராளம்.

அப்புறம் அளவிடுவது. ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகம் அளவீட்டில்தான் தொடங்குகிறது. உயிரியலுக்கு அது எதற்கு என்று நினைக்கிறார்கள். நாடித்துடிப்பை எடுத்துக்கொண்டோம். 15 வினாடி எண்ணி 4ஆல் பெருக்கினாள். 21, அதாவது 84. அடுத்த முறை 22, அதாவது 88. ஒரு துடிப்பை விட்டாலோ கூட்டினாலோ விடையில் 4 மாறுகிறது. முழு நிமிடம் எண்ணினால் அந்தப் பிழை 1 மட்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூன்று முறை எண்ணி 84, 82, 86, சராசரி 84. பிறகு அவள் 2 நிமிடம் கயிறு தாண்டி நின்றதும் நான் எண்ணினேன். ஓய்வில் முழு நிமிடம் எண்ணுகிற நாங்கள் இங்கே 15 வினாடிதான் எண்ண முடிந்தது, ஏனென்றால் நிமிடம் முடிவதற்குள் துடிப்பே இறங்கிவிடும். எந்தமுறை நல்லது என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. தாண்டியதும் 136. ஒரு நிமிடம் கழித்து 112. பிறகு 96, 88, ஐந்தாவது நிமிடம் 84.

வரைபடத் தாளில் குறிக்கச் சொன்னபோது கோட்டைப் பூஜ்ஜியத்திலிருந்து இழுத்தாள். "கிராஃப் எப்பவும் அங்கேருந்துதானே சித்தி ஆரம்பிக்கும்?" அந்த நிமிடத்தில் உன் நாடி பூஜ்ஜியமாக இருந்ததா என்று கேட்டதும் சிரித்துக்கொண்டே அடித்தாள். நேரம் கீழ் அச்சில், துடிப்பு செங்குத்து அச்சில். நாம் தீர்மானித்தது கீழே, நமக்குக் கிடைத்தது மேலே. இதை இப்படிச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

ஏன் ஏறியது, ஏன் இறங்கியது என்ற கேள்வியில்தான் உயிரியல் மொத்தமும் கூடி வந்தது. கால் தசைச் செல்லுக்கு ஆற்றல் வேண்டும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அது நுரையீரலில் ஏறி, சிவப்பணுவில் உட்கார்ந்து, இதயம் தள்ளத் தள்ளக் காலுக்குப் போக வேண்டும். பயறு பாட்டிலில் நடந்த அதே சுவாசம் அவள் தொடைக்குள்ளும் நடக்கிறது. தனித்தனிப் பாடமாகப் படித்த செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம் எல்லாம் ஒரு கயிற்றுத் தாண்டலில் ஒரே வரியில் வந்து நின்றன.

இங்கேதான் நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவம் பற்றி ஒரு பாடம் உண்டு. அவளுக்கு அதை நடத்தவே இல்லை. "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாண்டிப் போயிருக்கிறார்கள். வீட்டில் யார் படிப்பார்கள்? புத்தகத்தில் அந்தப் பக்கங்கள் மட்டும் புதிதாகவே இருந்தன. ஒருநாள் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு நானும் அவளும் அதை வரி வரியாகப் படித்தோம். ஹார்மோன், மாதவிடாய்ச் சுழற்சி, சினைப்பை, கருப்பை, எல்லாவற்றையும் அதனதன் பெயர் சொல்லி. கேட்கக் கூச்சப்பட்ட கேள்விகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். நானும் கூச்சமில்லாமல் பதில் சொன்னேன்.

ஹீமோகுளோபின் பற்றியும் பேசினோம். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. என் டேபிளுக்கு வருகிற பெண்பிள்ளைகளில் 9, 8 என்று பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்குது, படிப்பில் மனசு நிற்கலை என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாயா என்று கேட்டேன். குமட்டும் என்று துப்பிவிடுவாளாம். திட்டவில்லை. சிவப்பணுவில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வது இரும்புதான், அது குறைந்தால் இதயம் கூடுதலாக ஓட வேண்டும், உன் கிராஃபைப் பார் என்றேன். சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டல் குறையும் என்றும் சொன்னேன். பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் வேறு எந்தப் பாடத்தை விட்டாலும் பரவாயில்லை, இந்தப் பாடத்தை விடாதீர்கள். ஆண்பிள்ளைகளுக்கும் இது வேண்டும்.

எதை விட்டோம் என்பதையும் சொல்கிறேன். ஒன்பதாம் வகுப்பு கைடு வாங்கவில்லை. விலங்குலகத் தொகுதிகளின் பெயர்களை மனப்பாடம் செய்யவில்லை, அது பள்ளியில் வரும். உயிருள்ளது எது, செல், செடியின் உணவும் மூச்சும், நம் உடலின் உறுப்பு மண்டலங்கள், நுண்ணுயிர், வகைப்படுத்துவது எதற்காக, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு முக்கால் மணி நேரம். சோதனை இருக்கிற நாளில் அது தானாக நீண்டது. புதுச் சொல் வந்தால் விளக்கத்தை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, அதற்கு வீட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டும், அதில் சேராத ஒன்றும் கேட்டேன். கருதுகோள் என்பதற்கு அவள் சொன்னது: "மோர் ஊத்தினா பால் தயிராகும்னு சொன்னா செஞ்சு பார்த்து இல்லன்னும் தெரிஞ்சுக்கலாம், அது கருதுகோள். நல்ல நேரத்துல ஊத்தினா நல்லா வரும்னு சொன்னா, வரலைன்னா அது நல்ல நேரம் இல்லன்னுடுவாங்க. அதைச் சோதிக்கவே முடியாது." எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

கடைசி வாரம் நான் எதுவும் கொடுக்கவில்லை. அவளே கேள்வி கண்டுபிடித்தாள். அம்மா இட்லி மாவு ஆட்டியதும் கையால்தான் கலக்குவார். கரண்டி போட்டால் மாவு பொங்காது, கைராசி வேண்டும் என்பார். "அம்மாச்சி, எதோட ஒப்பிட்டுச் சொல்றீங்க?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "செஞ்சு பார்த்துக்கடி, மாவுதானே" என்றார்.

ஒரே மாவு. இரண்டு எவர்சில்வர் பாத்திரத்தில் சமமாக, உப்பும் சமமாக. ஒன்று அம்மாச்சி கையால் 40 சுற்று, இன்னொன்று கழுவித் துடைத்த கரண்டியால் அதே அம்மாச்சி 40 சுற்று. ஆள் மாறினால் அதுவும் ஒரு வித்தியாசம் ஆகிவிடும் என்று அவளே யோசித்திருந்தாள். எது எந்தப் பாத்திரம் என்று எனக்குச் சொல்லாமல், அடியில் மட்டும் குறியிட்டு, காலையில் உயரத்தை என்னை அளக்கச் சொன்னாள். அளப்பவருக்குத் தெரிந்தால் மனது ஒரு பக்கம் சாயும் என்பதை நான் சொல்லித்தரவே இல்லை.

முதல் இரவு கைமாவு அரை செ.மீ. கூட. இரண்டாம் இரவு இரண்டும் சமம். மூன்றாம் இரவு கரண்டி மாவு கொஞ்சம் கூட. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியே வருகிற பாக்டீரியாக்கள்தான் மாவைப் புளிக்கவைப்பதில் பெரும்பங்கு எடுக்கின்றன என்று அவளுக்கு விளக்கினேன். அம்மாச்சி சொன்னது பொய் என்று எழுதப் போகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன். வலதுபக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "இந்த மூன்று இரவுகளில், இந்தச் சமையலறையில், கைக்கும் கரண்டிக்கும் நிலையான வேறுபாடு தெரியவில்லை."

அதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். அம்மா கேட்டுவிட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "சித்திரை வைகாசி வெயில்ல எதை வெச்சாலும்தான் பொங்கும். கையோட சூடு மார்கழியில தெரியும். அப்ப செஞ்சு பாரு."

பாப்பா என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்துக்குப் போய் எழுதினாள்: மார்கழி, மறுபடியும். தெர்மாமீட்டர் வாங்க வேண்டும்.